எத்தனை குதிரைசக்தி என்று கேட்காதீர்கள்

இல்லினாய் மாநிலத்தின் நடுவே, மக்காச்சோளக் காடுகள் சூழ்ந்த ஒரு சிற்றூரில் நான் குடியிருக்கிறேன் என்பதும், கோடைகால வாரக்கடைசிகளில் பக்கத்துப் பண்ணைக்காரரோடு கூட்டுச் சேர்ந்துகொண்டு ஒரு கிழட்டு டிராக்டரைப் போட்டிக்கு ஓட்டிப்போய்ப் பாரம் இழுக்க விடுகிறேன் என்பதும் நண்பர்களுக்குத் தெரிந்துபோனதிலிருந்து, எனக்கு வீடியோக்கள் வந்து குவிந்தவண்ணமாக இருக்கின்றன.

எல்லாம் ஒரே ரகம். அல்லிசன் விமான எஞ்சின்கள் இரண்டையோ மூன்றையோ வரிசையாகப் பூட்டிய ராக்ஷஸ வண்டி ஒன்று, முன்சக்கரங்களை ஆகாயத்தில் தூக்கிக்கொண்டு, மைதானத்தையே புகையில் மூழ்கடித்துவிட்டுச் சில வினாடிகளில் காரியத்தை முடித்துக்கொள்ளும். வீடியோவின் கீழே தவறாமல் ஒரு கேள்வி இருக்கும்.

"ஜி, உங்க வண்டி எத்தனை ஹெச்.பி.?"

எரிச்சலாக வருகிறது.

(கேட்பவர்கள் மேல் இல்லை. கேள்வியின் மேல்தான்.)

பழைய டிராக்டர்களை வைத்து இழுக்கும் வகுப்பில் குதிரைசக்தி என்பது கடைசியாக விசாரிக்க வேண்டிய விஷயம் என்பதும், அதை முதலில் விசாரித்துவிட்டுப் பணத்தைக் கொண்டுபோய் எஞ்சினில் கொட்டுகிறவர்கள்தான் பெரும்பாலும் பாதி தூரத்தில் சக்கரம் சுழன்று மண்ணைத் தோண்டிக்கொண்டு நின்றுபோகிறார்கள் என்பதும் என்னுடைய திடமான அபிப்பிராயம். அதைச் சொல்லத்தான் இந்த நீளமான பதிவு. அவசரமாக இருப்பவர்கள் கடைசிப் பத்திக்குப் போய்விடலாம்; எனக்கு ஆட்சேபமில்லை.

முதலில், இந்தப் போட்டி என்ன என்பதை அறியாதவர்களுக்காகக் கொஞ்சம்.

அமெரிக்கக் குடியானவர்கள் தங்கள் குதிரைகளின் பலத்தைப் பற்றி ஒருவருக்கொருவர் சவால் விட்டுக்கொண்டு, களஞ்சியத்தின் கதவைக் கழற்றிப் போட்டு, அதன்மேல் பாரத்தை ஏற்றி இழுக்க வைத்துப் பார்த்த வழக்கத்திலிருந்து பிறந்தது இது என்று சொல்வார்கள். குதிரை போய் யந்திரம் வந்த பிறகும் சவால் போகவில்லை. 1929-ஆம் ஆண்டிலேயே டிராக்டர் இழுவைப் போட்டிகள் நடந்ததாகப் பதிவு இருக்கிறது. ஊருக்கு ஊர் விதிகள் வேறுபட்டுச் சண்டையும் சச்சரவுமாக இருந்ததை ஒழுங்குபடுத்துவதற்காக, எட்டு மாநிலங்களின் பிரதிநிதிகள் கூடி 1969-இல் நேஷனல் டிராக்டர் புல்லர்ஸ் அசோசியேஷன் என்ற சங்கத்தை ஸ்தாபித்தார்கள். ஞாயிற்றுக்கிழமை பந்தயத்தில் இழுத்த வண்டியே திங்கட்கிழமை வயலில் உழவேண்டும் என்பதுதான் ஆதிகால சம்பிரதாயம். விமான எஞ்சின் பூட்டிய வண்டியை வைத்துக்கொண்டு எந்த மகாராஜனும் திங்கட்கிழமை உழப்போவதில்லை. ஆனால் பழைய டிராக்டர் வகுப்பில் அந்தச் சம்பிரதாயத்தின் வாசனை இன்னும் மிச்சம் இருக்கிறது. எனக்கு இதில் ருசி ஏற்பட்டதே அதனால்தான்.

டிராக்டரின் பின்னால் சங்கிலியால் மாட்டப்படுகிற வண்டிக்கு ஸ்லெட் என்று பெயர். அதன் முன்பாகம் தகடாகத் தரையில் படிந்து உராய்ந்துகொண்டு வரும். பின்பாகம் சக்கரங்களின் மேல் நிற்கும். இரும்புக் கட்டிகள் அடுக்கிய ஒரு பெரிய பெட்டி ஆரம்பத்தில் பின்சக்கரங்களுக்கு மேலே சாதுவாக உட்கார்ந்திருக்கும். டிராக்டர் நகர நகர, ஸ்லெட்டின் சக்கரச் சுழற்சியாலேயே சங்கிலியும் பல்சக்கரமும் இயங்கி அந்தப் பெட்டி முன்பக்கமாக ஏறிவரும். பாரம் முழுவதும் கொஞ்சங்கொஞ்சமாகச் சக்கரத்தை விட்டுத் தகட்டின் மேல் இறங்கும். வட்டிக்கு வாங்கிய கடன் போல, போகப்போகத்தான் அதன் கனம் தெரியும். 300 அடியையும் கடந்துவிட்டால் முழு இழுவை. கடக்காதவர்களுக்கு, நின்ற இடத்தை அளந்து, யார் அதிக தூரம் என்று தீர்மானிப்பார்கள்.

(பெட்டி வருவதற்கு முந்திய காலத்தில் பாதையோரம் நெடுக ஆட்களை நிறுத்தி வைத்திருப்பார்கள். பலகை தங்களைக் கடக்கும்போது ஒவ்வொருவராக அதன்மேல் ஏறிக்கொள்ள வேண்டும். பாரமும் அவர்களே, பார்வையாளர்களும் அவர்களே. கால் தவறியவர்களின் கதைகளைக் கிழவர்கள் இன்றும் சொல்கிறார்கள்.)

இப்போது விஷயத்துக்கு வருகிறேன்.

டிராக்டர் வாங்குவதற்கு முன்னால் வாங்கவேண்டிய வஸ்து ஒன்று உண்டு. உங்கள் வட்டாரத்துச் சங்கத்தின் விதிப்புத்தகம். பழைய வகுப்புக்குள் 1950-களின் கடைசி வரை வந்த வண்டிகளைத்தான் பல சங்கங்கள் ஏற்றுக்கொள்கின்றன. அந்த எல்லை ஊருக்கு ஊர் ஒன்றிரண்டு வருஷம் முன்பின்னாக இருக்கும். வண்டியும் ஓட்டுகிறவரும் சேர்ந்து தராசில் ஏறி, 3,500 பவுண்டு, 4,500 பவுண்டு, 5,500 பவுண்டு என்று எடைவாரியாகப் பிரிக்கப்படுவார்கள். சங்கிலி மாட்டுகிற டிராபாரின் உயரத்துக்கு உச்சவரம்பு உண்டு. பல இடங்களில் 20 அங்குலம். மணிக்கு இத்தனை மைலுக்கு மேல் போகக்கூடாது என்ற வேக வரம்பும் சில வகுப்புகளில் உண்டு. இந்த நாலு விஷயங்களையும் படித்துத் தெரிந்துகொள்ளாமல் யார் வீட்டுக் கொட்டகைக்கும் டிராக்டர் பார்க்கப் போகாதீர்கள்.

ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், கணக்கு அப்படி. இழுக்கும் விசையைப் பவுண்டில் எடுத்துக்கொண்டு, மணிக்கு எத்தனை மைல் என்பதால் பெருக்கி, 375-ஆல் வகுத்தால் குதிரைசக்தி வந்துவிடும். 4,000 பவுண்டு விசையோடு மணிக்கு 3 மைல் வேகத்தில் இழுப்பதற்கு 32 குதிரைசக்தி போதும். அதே விசையை 6 மைல் வேகத்தில் காட்டவேண்டுமானால் 64 வேண்டும். ஆகவே மெதுவாக இழுக்கும் வகுப்பில் 1940-களின் எஞ்சினே ஏறக்குறையப் போதுமானது. அங்கே தோற்பது எஞ்சின் அல்ல, டயர். வேக வரம்பு இல்லாத வகுப்பில் கதை முற்றிலும் வேறு. எந்த வகுப்பு என்பதைச் சொல்லாமல் எத்தனை ஹெச்.பி. என்று கேட்கிற நண்பர்களே, இப்போது என் எரிச்சலின் நியாயம் உங்களுக்குப் புலப்பட்டிருக்கும் என்று நம்புகிறேன்.

சரி, எந்த வண்டி?

இந்த நாட்டுக் குடியானவர்களிடத்தில் ஜாதி என்று ஒன்று உண்டென்றால் அது டிராக்டரின் சாயத்தில்தான் இருக்கிறது. சிவப்பு ஃபார்மால் வைத்திருந்த குடும்பம் பச்சை ஜான் டியரை ஏறெடுத்தும் பார்க்காது. ஆரஞ்சு அல்லிஸ்-சால்மர்ஸ் வீட்டுப் பிள்ளை மஞ்சள் மினியாபோலிஸ்-மொலீனை வாங்கிக்கொண்டு வந்தால் தகப்பனார் வாசலிலேயே நிறுத்திவைத்துக் கேள்வி கேட்பார். வெளியிலிருந்து வந்த நமக்கு இந்தப் பந்தங்கள் ஒன்றும் இல்லாதபடியால், குணதோஷங்களை மட்டும் பார்த்து வாங்கும் பாக்கியம் இருக்கிறது.

எங்கள் வண்டி ஃபார்மால் எம். இதே இல்லினாய் மாநிலத்து ராக் ஐலண்டில் 1939 முதல் 1952 வரை இரண்டரை லட்சத்துக்கும் மேல் செய்து தள்ளியிருக்கிறார்கள். அதனால் உதிரிப் பாகம் கிடைக்கவில்லை என்ற பேச்சுக்கே இடமில்லை. நாலு சிலிண்டர், 248 கன அங்குலம், கனமான வார்ப்பிரும்பு உடம்பு. (அதன் முகத்தின் அழகைப் பற்றி யாராவது புகழ்ந்தால் அது எங்கள் சாமர்த்தியம் அல்ல, ரேமண்ட் லோவி என்ற பிரசித்தமான வடிவமைப்பாளர் வரைந்தது.) குறை என்று சொன்னால் அதன் கியர்ப்பெட்டியைச் சொல்லவேண்டும். நாலாவது கியரில் மணிக்கு 5 மைல் சொச்சம். ஐந்தாவதில் 16 மைலுக்கும் மேல். நடுவே ஒன்றுமே இல்லை. இந்தப் பள்ளத்தை நிரப்புவதற்காகவே இல்லினாய்க் கம்பெனியான எம் அண்ட் டபிள்யூ ஒன்பது கியர் உள்ள பெட்டி ஒன்றைச் செய்து விற்றது. அது பொருத்தப்பட்ட வண்டி எங்காவது கிடைத்தால் பேரம் பேசாமல் வாங்கிவிடுங்கள்.

ஜான் டியரின் ஜி மாடல் இரண்டே சிலிண்டர்தான். ஆனால் ஒவ்வொன்றும் ஆறு அங்குலத்துக்கு மேல் விட்டம், ஏழு அங்குல நீள ஓட்டம், மொத்தம் 412 கன அங்குலத்துக்கு மேல். இரண்டு வெடிப்புகளுக்கு இடையே ஒருமுறை அரைச் சுற்று, அடுத்த முறை ஒன்றரைச் சுற்று என்று கணக்குத் தப்பி வெடிப்பதால்தான் அந்த விசித்திரமான 'பட்-பட்' சப்தம் வருகிறது. சுழற்சி குறைந்தாலும் மூச்சு விடாமல் இழுக்கிற குணம் அதற்கு உண்டு. சிறிய எடை வகுப்புக்கு அல்லிஸ்-சால்மர்ஸ் டபிள்யூ.டி.45 உத்தமம், 226 கன அங்குலமே ஆனாலும் உடம்பு லேசாகையால், எடைக் கட்டிகளை நமக்கு வேண்டிய இடத்தில் மாட்டிக்கொள்ளும் சௌகரியம் அதிகம். ஆலிவர் 88 ஆறு சிலிண்டரோடு ஸங்கீதமாகப் பாடும். அதன் சப்தத்துக்காகவே வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள்.

ஃபோர்டு 8என் வேண்டாம். 120 கன அங்குலம், 2,400 பவுண்டு எடை. தோட்டத்துப் புல் வெட்டுவதற்கும் குறுவேலைகளுக்கும் அதைப்போல ஒன்று கிடையாது, ஆனால் இந்தக் களத்துக்கு அது பிறக்கவில்லை. (8என்னின் மூன்று முனை இணைப்பு ஹாரி ஃபெர்குசனின் சிருஷ்டி. அவர் ஃபோர்டோடு சண்டைபோட்டுப் பிரிந்து, 1953-இல் மாஸி-ஹாரிஸ் கம்பெனியோடு சேர்ந்தார். அந்த வம்சாவளியில் வந்ததுதான் பிற்பாடு சென்னையில் டாஃபே செய்து நம் ஊர் வயல்களில் ஓடிய மாஸி. ஆகவே 8என்னைக் குறைசொல்லும்போது கொஞ்சம் மரியாதையோடுதான் சொல்கிறேன்.)

வாங்கப் போகுமிடத்தில் புதுச்சாயம் பூசிய வண்டியைக் கண்டால் எனக்குப் பயம். பழைய டிராக்டர் துருவோடும் கறையோடும் இருப்பது இயற்கை. விற்பதற்கு முதல் வாரம் பளபளவென்று சிவப்பு அடித்து வைத்திருந்தால், எதை மறைக்க என்றுதான் கேட்கத் தோன்றுகிறது. இந்த ஊர்க் குளிர்காலத்தில் ரேடியேட்டர்த் தண்ணீரை வடிக்க மறந்துபோனால், உள்ளே உறைந்து விரிகிற பனிக்கட்டி வார்ப்பிரும்பு எஞ்சினின் விலாவைப் பிளந்துவிடும். மயிரிழை போன்ற அந்த விரிசல் சாயத்தின் அடியில் கண்ணுக்குத் தெரியாது.

கண்ணுக்குத் தெரியாததைக் காட்டிக்கொடுக்க ஒரு சுலபமான உபாயம் இருக்கிறது. வண்டி இரவெல்லாம் நின்ற பிறகு, காலையில் ஸ்டார்ட் செய்வதற்கு முன்னால், எண்ணெய்ச் சட்டியின் அடித்திருகாணியை முழுவதும் கழற்றாமல் மெல்லத் தளர்த்துங்கள். எண்ணெயைவிடத் தண்ணீர் கனமானதால், உள்ளே தண்ணீர் இறங்கியிருந்தால் அதுதான் முதலில் வடியும். கறுப்புத் துளி வந்தால் மேலே பேசலாம். தெளிந்த துளியோ, பால் கலந்தது போன்ற கலங்கலோ வந்தால், விற்பவருக்கு ஒரு நமஸ்காரம் சொல்லிவிட்டு வீட்டுக்குப் புறப்படவேண்டியதுதான்.

அடுத்தபடியாகப் பின்சக்கரத்தின் இரும்பு வளையத்தைப் பாருங்கள்; குறிப்பாகக் காற்றடிக்கும் வால்வைச் சுற்றி. அந்தக் காலத்தில் கனத்துக்காக டயருக்குள்ளே கால்சியம் குளோரைடு கரைசலை நிரப்புவார்கள்; அது கசிந்து இரும்பை உப்பரித்துத் தின்றுவிடும். ஸ்க்ரூடிரைவரால் குத்தினால் உள்ளே இறங்கிப்போகிற வளையங்களை நான் பார்த்திருக்கிறேன். அப்புறம் கிளட்ச், பின் அச்சுக்குப் பக்கத்திலிருக்கும் பெரிய பல்சக்கரங்கள், ஸ்டியரிங். எஞ்சின் நன்றாக ஓடுகிறதா என்பதைக் கடைசியில் பார்த்தால் போதும். எஞ்சினைப் பிரித்து மேய்வது எப்படியும் நடக்கப்போகிறது. உடம்புதான் திருப்பி வாங்க முடியாதது.

விற்பவர் சொல்கிற பெருமைகளைச் சரிபார்ப்பதற்கும் வழி உண்டு. வில்மட் க்ரோசியர் என்ற நெப்ராஸ்கா விவசாயி, விளம்பரத்தை நம்பி வாங்கிய டிராக்டரால் படாதபாடு பட்டு, அந்தக் கோபத்தோடேயே சட்டசபைக்குப் போய், பரீக்ஷை செய்து தேறாத டிராக்டரை அந்த மாநிலத்தில் விற்கக்கூடாது என்று 1919-இல் சட்டமே கொண்டுவர வழிசெய்துவிட்டார். (எரிச்சல் என்றால் இப்படி இருக்கவேண்டும். நான் வெறுமனே பதிவு எழுதுகிறேன்.) 1920 முதல் லிங்கன் நகரத்தில் பரீக்ஷை செய்யப்பட்ட டிராக்டர்களின் அறிக்கைகள், எடை எத்தனை, டிராபாரில் எத்தனை பவுண்டு இழுத்தது, அப்போது சக்கரம் எத்தனை சதவீதம் வழுக்கியது என்பது உட்பட, இன்றும் யாரும் படிக்கக் கிடைக்கின்றன. வாங்குவதற்கு முன்னால் படியுங்கள்.

இந்த இடத்தில் கோபிசெட்டிபாளையத்துச் சித்தப்பாவைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். விஷயம் அவர் காதுக்கு எட்டியதும் ஃபோன் வந்தது.

"என்னப்பா, டிராக்டரெல்லாம் வாங்கியிருக்கியாமா? எத்தனை ஏக்கரா வருது?"

"ஏக்கரா ஏதுங்க சித்தப்பா. சும்மா இழுக்கறதுக்குத்தானுங்க."

"எதைய?"

"ஒரு பெட்டியைங்க."

"பெட்டிக்குள்ள என்ன இருக்குது?"

"இரும்புங்க."

"இழுத்துப்போட்டு?"

"அவுங்களே திரும்பக் கொண்டாந்து பழைய எடத்துல நிறுத்திருவாங்க."

நெடுநேரம் சப்தமே இல்லை. அப்புறம் பெருமூச்சு விட்டுவிட்டுச் சொன்னார்: "முன்னால பாரம் போட்டுக்க சாமி. கரும்பு லோடு ஏத்துனா நம்ம வண்டி மூஞ்சியத் தூக்கிக்கும். ரெண்டு ஆள முன்னால உக்கார வெச்சுத்தான் ஆலைக்குப் போவோம்."

(வாசகர்கள் யாரும் ஆளை உட்காரவைக்க வேண்டாம். மகா ஆபத்து.)

ஆனால் சித்தப்பா சொன்னதில்தான் இந்தச் சாஸ்திரம் முழுவதும் அடங்கியிருக்கிறது. பின்னால் பாரம் இழுக்கும்போது முன்சக்கரத்தின் கனம் குறைந்து, குறைந்த அளவு அப்படியே பின்சக்கரத்தில் போய் உட்காருகிறது. எவ்வளவு என்பதற்குக் கணக்கு உண்டு: இழுவிசையை டிராபாரின் உயரத்தால் பெருக்கி, முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் இடையேயுள்ள தூரத்தால் வகுக்கவேண்டும். 4,000 பவுண்டு விசை, 20 அங்குல உயரம், 90 அங்குல இடைவெளி என்றால், சுமார் 890 பவுண்டு முன்னாலிருந்து பின்னால் போகிறது. நிற்கும்போது முன்சக்கரத்தில் 1,800 பவுண்டு இருந்தால், இழுக்கும்போதும் அங்கே 900 பவுண்டுக்கு மேல் சும்மா சவாரி செய்துகொண்டிருக்கும். பிடிப்புக் கொடுப்பது பின்சக்கரம். முன்சக்கரத்தில் தங்கிவிட்ட ஒவ்வொரு பவுண்டும் நமக்கு நஷ்டம். அதற்காக முன்னால் மிகவும் குறைத்துவிட்டாலோ, மூக்கு வானத்தைப் பார்க்கும். ஸ்டியரிங்கைத் திருப்பி ஒரு பிரயோஜனமும் இருக்காது.

முழு இழுவிசையில் முன்சக்கரம் தரையை விட்டு ஓர் அங்குலம், இரண்டு அங்குலம் எழும்பி அப்படியே மிதந்துகொண்டு போகவேண்டும். அதுதான் லட்சியம்.

இதற்காக நாங்கள் பட்ட பாடு ஒரு தனிப் புராணம். மூக்கின் முன்னால் கம்பி நீட்டி எடைக் கட்டிகளை மாட்டுவதும், ஒன்றை எடுத்துப் பின் அச்சின் பக்கம் வைப்பதும், அடுத்த போட்டியில் மண் ஈரமாக இருந்ததால் அந்தக் கணக்கு உதவாமல் மறுபடியும் முன்னால் கொண்டுபோவதுமாக ஒரு கோடை முழுவதும் கழிந்தது. டயருக்குள்ளிருந்த கரைசலை முதல் காரியமாக வெளியேற்றினோம். இடம் மாற்றமுடியாத பாரம் இந்த விளையாட்டில் பாரமே அல்ல. மட்கார்டு, பக்கவாட்டுக் கப்பி என்று வேண்டாததையெல்லாம் கழற்றி, மிச்சப்பட்ட எடையைக் கட்டிகளாகத் திருப்பி மாட்டிக்கொண்டோம். பக்கத்துப் பண்ணைக்காரர் ஒவ்வொரு மாற்றத்தையும் தீவனக் கம்பெனிக் காலண்டரின் பின்புறத்தில் பென்சிலால் குறித்து வைத்திருக்கிறார்: மண் எப்படி, கட்டி எங்கே, தூரம் எவ்வளவு. அந்தக் காலண்டரை அவர் எனக்குக் கூடக் கடன் தருவதில்லை.

டயரைப் பற்றி ஒரு வார்த்தை. 38 அங்குல வளையத்துக்கு 15.5 அகலம்தான் இந்த வகுப்பில் பலருக்கும் பிடித்தமான அளவு. குறுக்கே சாய்ந்தோடும் ரப்பர் வரம்புகளின் விளிம்பைக் கத்தியால் சீவிக் கூராக்குகிறவர்கள் உண்டு. அது அனுமதிக்கப்பட்டதா என்று விதிப்புத்தகத்தில் பார்த்துக்கொள்ளுங்கள். காற்றைக் குறைத்தால் டயர் பரந்து படிந்து பிடிப்பு அதிகமாகும். ரொம்பவும் குறைத்தால், பாதி தூரத்தில் வண்டி குதிரைக்குட்டியாகத் துள்ள ஆரம்பிக்கும். அல்லது டயர் அங்கேயே நிற்க, வளையம் மட்டும் உள்ளே சுழலும். கொஞ்சங்கொஞ்சமாகக் குறைத்து, துள்ளத் தொடங்கும் இடத்துக்குச் சற்று மேலே நிறுத்தவேண்டும். வேறு ரகசியம் இல்லை.

இவ்வளவும் ஆன பிறகு, பணம் மிச்சமிருந்தால், எஞ்சின்.

ஃபார்மால் எம்மில் இது ஒரு ஆனந்தமான அத்தியாயம். மூல விட்டம் 3 7/8 அங்குலம். ஓட்டம் 5 1/4. நாலு அங்குலமாக்கினால் 264 கன அங்குலம் கிடைக்கும். கம்பெனியே சூப்பர் எம்மில் அதைத்தான் செய்தது. பிற்காலத்து 450 மாடலின் விட்டமான 4 1/8-க்குப் போனால் 281. விட்டத்தில் கால் அங்குலம், கொள்ளளவில் 33 கன அங்குலம் லாபம். மண்ணெண்ணெய் ரகத்துக்காக வார்த்த பழைய மேனிஃபோல்டு இருந்தால் அதைக் கழற்றிவிட்டுப் பெட்ரோலுக்கானதைப் போடுங்கள். (மலைப்பிரதேசத்து மெல்லிய காற்றுக்காகக் கம்பெனி அந்தக் காலத்தில் உயர்ந்த அழுத்தப் பிஸ்டன்களைத் தனியாக விற்றது. மேஜைபோலத் தட்டையான இல்லினாயில் அந்த மலைப் பிஸ்டன்களுக்குத்தான் இத்தனை வருஷமும் கிராக்கி!)

கவர்னரைத் தளர்த்தி வேகத்தை ஏற்றுவதில் மட்டும் நிதானம் வேண்டும். நிமிஷத்துக்கு 1,450 சுற்றுக்காக அமைக்கப்பட்ட எஞ்சின் அது. கிராங்குக்கு மூன்றே மூன்று பேரிங்குகள். கண்டபடி சுற்றவிட்டால் வார்ப்பிரும்பு ஃப்ளைவீல் சிதறி ஓட்டுகிறவரின் கால்மாட்டில் வெடிக்கும். ஆகவே அதைச் சுற்றி எஃகுக் கவசம். வண்டி பின்னால் மல்லாராமல் தடுக்க இரண்டு தாங்கு கம்பிகள். சங்கிலி அறுந்தால் எஞ்சின் தானே அணையும்படி ஸ்லெட்டோடு இணைத்த கில் சுவிட்ச். டிராக்டர் பின்பக்கமாகக் கவிழ்ந்து முடிய ஒன்றரை வினாடிதான் ஆகும் என்று விவசாயப் பாதுகாப்புப் புத்தகங்கள் சொல்கின்றன. அந்த ஒன்றரை வினாடியில் யோசித்துச் செயல்பட்ட மனிதர் இதுவரை பிறக்கவில்லை. எந்தக் காரணத்துக்காகவும் சங்கிலியைப் பின் அச்சிலோ அதற்கு மேலோ மாட்டாதீர்கள், டிராபாரில் மட்டும்.

மைதானத்தில் செய்யவேண்டியது கொஞ்சம்தான். உங்களுக்கு முன்னால் இழுத்தவர்கள் எங்கெங்கே சக்கரத்தால் பள்ளம் பறித்துவிட்டுப் போனார்கள் என்று நடந்து பார்த்து வைத்துக்கொண்டு, அந்தத் தடத்தை விலக்கி வரிசையைத் தேர்ந்தெடுங்கள். சங்கிலியை முதலில் மெதுவாக இறுக்கி, பிறகு கிளட்சைப் பதறாமல் விடுங்கள். வகுப்பில் முதலாவதாக இழுக்க உங்கள் பெயர் விழுந்தால் வருத்தப்படாதீர்கள். பாரம் சரியாக வைக்கப்பட்டிருக்கிறதா என்று சோதிக்கும் வண்டி உங்களுடையது என்பதால், விரும்பினால் மறுபடியும் இழுக்கும் உரிமை முதல்வருக்கு உண்டு.

ஆகையினால் நண்பர்களே, செலவின் வரிசை இதுதான்: விதிப்புத்தகம், விரிசல் இல்லாத உடம்பு, பாதுகாப்புச் சாமான்கள், டயர், எடைக் கட்டிகள், கியர், எல்லாவற்றுக்கும் கடைசியில் எஞ்சின். இந்த வரிசையைத் தலைகீழாக்கியவர்களின் வண்டிகள் நல்ல எஞ்சினோடு விற்பனைக்கு வரும்; அவற்றை வாங்கிக்கொள்வதும் ஒரு சாமர்த்தியம்தான். இனிமேல் எனக்கு எழுதுகிறவர்கள் வண்டி எந்த வகுப்பு, மொத்த எடை எவ்வளவு, அதில் முன்சக்கரத்தில் எவ்வளவு என்ற மூன்றையும் எழுதுங்கள். ஹெச்.பி.யை அப்புறம் பேசிக்கொள்ளலாம்.